அறிவியல், கணித நினைவு நாள்கள்: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிகளில் கணித மன்றமும் அறிவியல் மன்றமும் நடத்தும் ஆசிரியர்கள், எந்த நாளை எதற்காகக் கொண்டாடுவது என்று ஆண்டுதோறும் என்னிடம் கேட்கிறார்கள். பல ஆண்டுகள் பள்ளியில் கணிதம் கற்பித்த நான், ஓய்வுபெற்ற பிறகு மாணவர்களை அழைத்துக்கொண்டு இந்நகரத்தின் பழைய ஆய்விடங்களைச் சுற்றிவருகிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நினைவு நாள் என்று எதைக் கொள்வது? பிறந்த நாளையா, மறைந்த நாளையா?

இரண்டையும் கொள்ளலாம், நம் பள்ளிகளில் அதுவே வழக்கம். ஆனால் பிறந்த நாளன்று அந்தக் குழந்தை எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. படத்துக்கு மாலை போட்டு, வாழ்க்கைக் குறிப்பை வாசித்து, இனிப்பு கொடுத்து முடித்தால், அந்த மனிதர் செய்த வேலை என்ன என்பது மாணவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. ஆகவே வேலை நடந்த நாளைத் தேடுங்கள் என்பதே என் முதல் விடை. ஓர் அளவீடு தொடங்கிய நாள், ஒரு கடிதம் எழுதப்பட்ட நாள், ஒரு கிரகணம் கணிக்கப்பட்ட நாள் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டால், அன்று செய்ததையே மாணவர்கள் தங்கள் கையால் மறுபடி செய்து பார்க்க முடியும். அப்படிப்பட்ட நாள்கள் சென்னைக்கு ஏராளமாக உண்டு.

அப்படியானால் சென்னைக்கு உரிய நாள்களில் முதலில் எதைச் சொல்வீர்கள்?

1802 ஏப்ரல் 10. அன்றுதான் நில அளவையர் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைக்கு அருகே தம் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவீட்டுக்கு அதுவே தொடக்கம். பரங்கிமலைப் பக்கத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏறத்தாழ 7.5 மைல், அதாவது 12 கிலோமீட்டர் நீளத்தை, 100 அடி எஃகுச் சங்கிலியால் அளக்க வேண்டியிருந்தது. அந்தச் சங்கிலிக்கு 40 கண்ணிகள். ஒவ்வொரு கண்ணியும் இரண்டரை அடி. சீனப் பேரரசருக்குப் பரிசாக இங்கிலாந்திலிருந்து கொண்டுபோகப்பட்டு, ஏற்கப்படாமல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த சங்கிலி அது. கோணங்களை அளக்க உதவும், அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட் கருவியோ, கப்பலில் வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி, பின்னர் அவர்களாலேயே பெருந்தன்மையோடு அனுப்பிவைக்கப்பட்டது.

ஏறக்குறைய 400 முறை அந்தச் சங்கிலியை எடுத்து எடுத்து வைத்திருக்கிறார்கள். முக்காலிகளின்மேல் மரப்பெட்டிகளை வரிசையாக அடுக்கி, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, மேலே கூடாரத் துணியால் நிழல் கொடுத்து அளந்தார்கள். ஓர் அடிக்கோட்டின் நீளம் சரியாகத் தெரிந்துவிட்டால், அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் உள்ள ஒரு குன்றுக்கோ கோபுரத்துக்கோ உள்ள கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம். அந்தப் பக்கங்களை அடுத்த முக்கோணங்களுக்கு அடிக்கோடாக்கலாம். லாம்ப்டன் 1823இல் மறைந்த பிறகும் இந்த முக்கோண வலை வடக்கே நீண்டுகொண்டே போய் இமயத்தை எட்டியது. எவரெஸ்டின் உயரம் 29,002 அடி என்று 1856இல் அறிவிக்கப்பட்டதற்குப் பின்னால் இருந்தது, பரங்கிமலை வெயிலில் தொடங்கிய இந்தக் கோடு. மாநகரப் பேருந்தில் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் போகிறவர்கள், தெரியாமலே அந்தக் கோட்டை ஒட்டிப் பயணம் செய்கிறார்கள்.

அந்த அளவீட்டைப் பள்ளி மைதானத்தில் செய்து காட்ட முடியுமா?

முடியும், நாங்கள் செய்திருக்கிறோம். அதற்கு 30 மீட்டர் எஃகு டேப் ஒன்றும், இரண்டு நீண்ட ஆணிகளும், ஒரு வெப்பமானியும் போதும். துணி டேப்போ நெகிழி டேப்போ இதற்கு உதவாது. காலை 7 மணிக்கு, டேப்பின் முழு நீளத்துக்கும் சற்றுக் குறைவான இடைவெளியில் இரண்டு ஆணிகளையும் கெட்டியான தரையில் அடித்து, டேப்பை இழுத்துப் பிடித்து அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு டேப்பை வெயிலில் கிடத்திவிட்டு, நண்பகலில் அதே ஆணிகளை அதே இழுவிசையில் மறுபடி அளக்க வேண்டும்.

நண்பகல் அளவு குறைந்து காட்டும். முதல் முறை இதைப் பார்த்த ஒரு மாணவி, தரை சுருங்கிவிட்டதா என்று கேட்டாள். ஆணிகள் நகரவில்லை, டேப்தான் நீண்டு, அதன் கோடுகள் விலகிக்கொண்டன. எஃகு ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ பத்து இலட்சத்தில் 11 அல்லது 12 பங்கு நீளும். வெப்பம் 10 டிகிரி கூடினால் 100 அடிச் சங்கிலி சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். விரல் நகத்தின் அகலம்கூட இல்லையே என்று தோன்றலாம். ஆனால் 400 முறை சங்கிலியை வைக்கும்போது அந்தப் பிழை ஏறத்தாழ 1.4 மீட்டராகச் சேர்ந்துவிடுகிறது. கூடாரமும் வெப்பமானியும் எதற்காக என்று அதற்குமேல் யாரும் விளக்கத் தேவையில்லை.

நுங்கம்பாக்கத்தில் இருக்கும் கல்தூணுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 1786இல் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எழும்பூரில் தம் சொந்த முயற்சியில் ஒரு வானாய்வகம் வைத்திருந்தார். அதைக் கம்பெனி ஏற்றுக்கொண்டு, 1792இல் மைக்கேல் டாப்பிங்கின் திட்டப்படி நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. தொலைநோக்கியைத் தாங்க அங்கே நிறுத்தப்பட்ட கருங்கல் தூண் இன்றும் கல்லூரிச் சாலையில் மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் நிற்கிறது. லாம்ப்டனின் அளவீட்டுக்கும் இந்த வானாய்வகமே ஆதாரப் புள்ளியாக இருந்தது. அதே டாப்பிங் 1794இல் சில மாணவர்களோடு தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் வளர்ந்து இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆயிற்று.

தூணில் தமிழும் தெலுங்கும் உட்படப் பல மொழிகளில் எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது. ஆங்கிலேயரின் தயாளத்தால் ஆசியாவில் கணித அறிவியல் முதன்முதலில் நடப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருவோரும் அறிய வேண்டும் என்பது அதன் கருத்து. மாணவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். படித்துவிட்டு மறுக்கவும் வேண்டும். ஆரியபடர் 499லும் பிரம்மகுப்தர் 628லும் எழுதிவைத்த கண்டத்தில், 1792ஐ முதல் நாற்று நட்ட ஆண்டு என்று கல்லில் வெட்டியது பிழை. கல்லில் இருப்பதாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடாது என்பதைக் கற்றுத்தர அந்தத் தூணைவிடச் சிறந்த கரும்பலகை சென்னையில் இல்லை.

அந்த ஆய்வகத்துக்கு உரிய பெருமையையும் குறைக்கக் கூடாது. ஜான் கோல்டிங்காம் அங்கிருந்து சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தார். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்திய 'மெட்ராஸ் நேரம்' அதிலிருந்து வந்தது. இரயில்கள் நெடுங்காலம் அந்த நேரத்தைத்தான் பின்பற்றின. 1906 சனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் நடப்புக்கு வந்தபோது, நம் கடிகாரம் வானத்தைவிட ஏறத்தாழ 9 நிமிடம் முந்திக்கொண்டது. ஏப்ரல் நடுவில் ஒரு நாள் மைதானத்தில் குச்சி நட்டுப் பாருங்கள். நிழல் மிகக் குறுகும் நேரம் 12 மணியாக இராது, 12 மணி 9 நிமிடத்தை ஒட்டியிருக்கும்.

அந்த ஆய்வகத்தில் தமிழ்நாட்டார் யாரும் பணியாற்றவில்லையா?

பணியாற்றினார்கள். சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் அங்கிருந்து ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். 1872இல் இலண்டன் அரச வானியல் கழகத்தில் உறுப்பினரானார். அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவர். கண்ணால் காணும் கோள் நிலையோடு ஒத்துவரும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காக வாதாடியவரும் அவரே. 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனைக் கடந்து சென்றபோது, அது என்ன நிகழ்ச்சி என்பதைப் பொதுமக்களுக்கு இந்திய மொழிகளில் விளக்கும் நூலை முன்கூட்டியே எழுதி வெளியிட்டார். டிசம்பர் 9ஐ அறிவியல் தமிழுக்கான நாளாகக் கொள்ளலாம் என்பது என் நெடுநாள் விருப்பம்.

அவருடைய மேலதிகாரி நார்மன் பாக்சன், 1861 ஏப்ரலில் நுங்கம்பாக்கத்திலிருந்து கண்டறிந்த சிறுகோளுக்கு 'ஆசியா' என்று பெயர் சூட்டினார். 1868 ஆகஸ்டு 18 முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க அவர் மசூலிப்பட்டினம் போனார். பிரெஞ்சு வானியலர் ஜான்சன் குண்டூரில் முகாமிட்டார். இரண்டு ஊர்களும் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தவை. அந்தக் கிரகணத்தின்போது சூரியப் பிழம்புகளின் நிறமாலையில் தெரிந்த மஞ்சள் கோடு, பின்னால் ஹீலியம் என்ற தனிமத்தின் அடையாளமாக அறியப்பட்டது. அது பூமியில் கண்டுபிடிக்கப்பட்டது 1895இல்தான்.

மரபுவழிக் கணியர்களுக்கென்று நினைவு நாள் ஏதும் உண்டா?

இந்தக் கேள்வியை இன்னும் அதிகம் பேர் கேட்க வேண்டும். என் விடை, 1825 மே 31.

சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் சில காலம் இருந்த ஜான் வாரன், தென்னிந்தியக் காலக்கணிதத்தைப் பற்றிய பெரிய நூல் ஒன்றை 1825இல் சென்னையில் அச்சிட்டார். அதற்காகப் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணியரைத் தம் முன்னால் ஒரு சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொல்லியிருக்கிறார். அந்தக் கணியர் காகிதத்தையோ எழுதுகோலையோ தொடவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். தேவையான அட்டவணைகளைப் பாட்டாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார். வாய் வாக்கியத்தைச் சொல்ல, கை சோழிகளை நகர்த்த, 1825 மே 31க்கும் ஜூன் 1க்கும் இடைப்பட்ட இரவில் நிகழவேண்டிய கிரகணத்தின் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்றையும் சொல்லிவிட்டார். தொடக்க நேரத்தில் அவருக்கு ஏற்பட்ட பிழை 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம்.

தாம் கைக்கொண்ட முறையின் கோட்பாட்டு அடிப்படை அவருக்குத் தெரியாது என்று வாரன் எழுதியதைச் சிலர் குறையாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது. ஒரு முறையின் அடிப்படையை அறியாதவரும் பிழையின்றிப் பின்பற்றும்படி, அதைப் படிப்படியாக வகுத்துச் செய்யுளில் பொதிந்து பல தலைமுறைகளுக்குக் கைமாற்றியது பெரிய கணிதச் சாதனை. இன்று கணினிக்கு நிரல் எழுதுகிறவர்கள் செய்வதும் அதையேதான். பழைய கணிதங்களை ஆராய்ந்த நொய்கெபாவர், 1952இல் இந்தத் தமிழ் வானியலைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதியதற்குக் காரணம், பண்டைப் பாபிலோனியக் கணக்குமுறையோடு அதற்கிருந்த உறவு.

டிசம்பர் 22 தேசியக் கணித நாள் என்கிறார்கள். இராமானுசனுக்கு அந்த ஒரு நாள் போதாதா?

சீனிவாச இராமானுசன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். அவருடைய 125ஆம் பிறந்த ஆண்டை ஒட்டி 2012 தேசியக் கணித ஆண்டாக அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 22 தேசியக் கணித நாளாயிற்று. அறிவிப்பு வரவேற்கத்தக்கது. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அதில் ஒரு நடைமுறைச் சங்கடம் இருக்கிறது: அது அரையாண்டுத் தேர்வு முடிந்தும் முடியாமலும் இருக்கும் நேரம். தேர்வுத்தாளைக் கட்டிவைத்துவிட்டு அரைமணி நேரத்தில் விழாவை முடிப்பதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறேன்.

சென்னையோடு அவரைக் கட்டிப்போடும் நாள்கள் வேறு. 1912 மார்ச் 1 அன்று அவர் சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்தார். 1913 சனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஆண்டுக்கு 20 பவுண்டு மட்டுமே சம்பளம் பெறும் எழுத்தர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, பக்கம் பக்கமாகத் தேற்றங்களை அதில் அடுக்கியிருந்தார். அதே ஆண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. பட்டம் பெறாத ஒருவருக்கு, பட்டப்படிப்புக்கு முந்திய எஃப்.ஏ. தேர்விலேயே தேறாத ஒருவருக்கு, ஒரு பல்கலைக்கழகம் அப்படிச் செய்ததை நாம் போதிய அளவு பாராட்டுவதில்லை. 1914 மார்ச் 17 அன்று 'நெவாசா' கப்பல் அவரை ஏற்றிக்கொண்டு சென்னையை விட்டுப் புறப்பட்டது. 1918இல் அரச கழக உறுப்பினரானார். 1919இல் உடல் நலிந்து திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 32.

இவற்றுள் என் மனம் நிற்பது 1920 சனவரி 12இல். அன்று படுத்த படுக்கையிலிருந்து ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், 'போலித் தீட்டா' சார்புகள் என்று தாமே பெயரிட்ட புதிய சார்புகளைப் பற்றித் தெரிவித்தார். இறப்பதற்கு மூன்றரை மாதம் முன்பு, காய்ச்சலோடு, முற்றிலும் புதிய ஒரு துறையைத் தொடங்கியிருக்கிறார். அந்தக் கடைசி மாதங்களின் தாள்கள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கிடந்து, 1976இல்தான் கணிதவியலர் ஜார்ஜ் ஆண்ட்ரூசின் கண்ணில் பட்டன. இங்கிலாந்துக்குப் போகும் முன் எழுதிய மூன்று குறிப்பேடுகளின் மூலப்படிகளோ சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

அவர் மனைவி ஜானகி அம்மாளையும் நினைக்க வேண்டும். கணவர் மறைந்தபோது அவருக்கு 21 வயது. தையல் வேலை செய்து வாழ்ந்தார். திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் இருந்து, 1994 ஏப்ரல் 13 அன்று மறைந்தார். கணவருக்குச் சிலை வைக்கப்படும் என்று சொன்னார்களே, அது எங்கே என்று முதுமையில் அவர் எழுப்பிய கேள்வி வெளிநாட்டுக் கணிதவியலர்களின் காதில் விழுந்தது. அவர்கள் பணம் திரட்டி, சிற்பி பால் கிரான்லண்டைக் கொண்டு மார்பளவுச் சிலை செய்து அனுப்பினார்கள்.

1729 என்பது ஓர் ஆண்டா?

இல்லை. இராமானுசனைப் பார்க்க ஹார்டி வந்த வாடகை வண்டியின் எண் அது. ஒன்றின் கனத்தையும் பன்னிரண்டின் கனத்தையும் கூட்டினால் 1729. ஒன்பதின் கனத்தையும் பத்தின் கனத்தையும் கூட்டினாலும் 1729. இரண்டு வழிகளில் இரு கனங்களின் கூட்டுத்தொகையாகும் எண்களில் அதுவே மிகச் சிறியது என்றார் இராமானுசன்.

பிப்ரவரி 28 சர் சி.வி. இராமனின் பிறந்த நாள்தானே?

அவர் பிறந்தது 1888 நவம்பர் 7, திருச்சிராப்பள்ளியில். ஒரு பள்ளியின் வாசலில் பிப்ரவரி 28க்கு 'பிறந்த நாள் வாழ்த்து' என்று எழுதிய பதாகையை நானே பார்த்திருக்கிறேன். 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில், ஒரே நிற ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அதில் சிறு பகுதி நிறம் மாறி வெளிவருவதை இராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் உறுதி செய்தார்கள். வேலை நடந்த நாளை நாடு முழுவதும் கொண்டாடும் அரிய எடுத்துக்காட்டு இது. 1987 முதல் இது தேசிய அறிவியல் நாள்.

சென்னையின் பங்கு அதற்கு முந்தியது. மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோதே, செவ்வகத் துளை வழியே ஒளி வளைவதைப் பற்றி இராமன் எழுதிய கட்டுரை 1906இல் இலண்டன் இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு 18 வயதுதான். கடற்கரைச் சாலையில் அந்தச் சிவப்புக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் மாணவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

சந்திரசேகருக்கு எந்த நாள்?

அதே மாநிலக் கல்லூரியில் படித்து, 1930 ஜூலை 31 அன்று பம்பாயிலிருந்து கப்பலேறிய 19 வயது இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர், பயணத்திலேயே வெண்குறு விண்மீன்களின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களின்) நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்ற முடிவை நெருங்கினார். இன்று அந்த வரம்பு சூரிய நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று கொள்ளப்படுகிறது. 1935 சனவரி 11 அன்று இலண்டனில் அவர் அதை எடுத்துரைத்தபோது வானியலர் எடிங்டன் எழுந்து கடுமையாக மறுத்தார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு 1983இல் கிடைத்தது. ஜூலை 31ஐயே நான் பரிந்துரைப்பேன். அவர் இராமனின் அண்ணன் மகன் என்பதையும் பலர் அறிவதில்லை.

பெண் அறிவியலர்களுக்கான நாள்களைச் சொல்லுங்கள்.

ஆகஸ்டு 22 சென்னை நாள் என்பது எல்லாருக்கும் தெரியும். மறுநாளான 23 அன்னா மணியின் பிறந்த நாள். 1918இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, இராமனிடம் ஆய்வு செய்தவர். வானிலைக் கருவிகளை வெளிநாட்டிலிருந்து வாங்காமல் இந்தியாவிலேயே துல்லியமாகச் செய்யும் நிலையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். சென்னை நாள் விழாவை ஒரு நாள் நீட்டினால் போதும், அவரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 7 தாவரவியலர் ஜானகி அம்மாள் மறைந்த நாள். தலைச்சேரியில் 1897இல் பிறந்த அவர், ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, கோயம்புத்தூரில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். இறுதிக் காலத்தில் மதுரவாயலில் இருந்த பல்கலைக்கழக ஆய்வுக்களத்தில் செடிகளோடு வாழ்ந்து, 1984இல் அங்கேயே மறைந்தார். மதுரவாயல் என்றால் மேம்பாலமும் நெரிசலும்தான் இன்று நினைவுக்கு வருகின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் நடந்தது என்ன?

1954இல் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், தோலுக்கும் தசைநாணுக்கும் வலுவூட்டும் கொலாஜன் புரதம் முப்புரிக் கயிறுபோல் முறுக்கியிருப்பதைக் காட்டினார்கள். பக்கத்திலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஆய்வுக்கு உதவியது. 1963இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து இராமச்சந்திரன் வெளியிட்ட வரைபடம், புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் வளைய முடியும் என்பதைச் சொல்கிறது. உலகில் எங்கே ஒரு புரதத்தின் வடிவம் தீர்மானிக்கப்பட்டாலும், அது சரியா என்று இன்றும் அந்த வரைபடத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். அவர் பிறந்தது 1922 அக்டோபர் 8. மறைந்தது 2001 ஏப்ரல் 7, சென்னையில்.

நியூட்டனின் பிறந்த நாளுக்கு இரண்டு தேதிகள் இருப்பது ஏன்?

இங்கிலாந்தும் அதன் ஆட்சிப் பகுதிகளும் 1752 செப்டம்பர் வரை பழைய ஜூலியன் நாள்காட்டியைப் பின்பற்றின. அந்த மாதம் 2ஆம் தேதிக்கு அடுத்த நாள் 14ஆம் தேதி ஆயிற்று. பழைய கணக்கில் நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25. புதிய கணக்கில் 1643 சனவரி 4. கலிலியோ இறந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்று சொல்பவர்கள், முதலாமவருக்குப் புதிய நாள்காட்டியையும் இரண்டாமவருக்குப் பழையதையும் எடுத்துக்கொள்கிறார்கள். நியூட்டனின் மறைவுத் தேதியில் சிக்கல் இன்னும் கூடுதல். அக்கால இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. எனவே நாம் 1727 மார்ச் 20 என்று சொல்லும் நாளுக்கு அவருடைய நினைவுச்சின்னத்தில் 1726 என்றே பொறித்திருக்கிறார்கள்.

நமக்கென்று அறுபதாண்டுக் கணக்கு இருக்கும்போது, எதற்கு 25, 50, 100?

நியாயமான கேள்வி. பத்தின் மடங்குகளுக்கு மதிப்பு நம் விரல்களால் வந்தது. அறுபதுக்கு மதிப்பு வானத்தால் வந்தது. வியாழன் சூரியனைச் சுற்ற 11.86 ஆண்டு, ஐந்து சுற்றுக்கு 59 ஆண்டும் சில மாதங்களும். சனிக்கு ஒரு சுற்று 29.46 ஆண்டு, இரண்டு சுற்றுக்கு ஏறத்தாழ 59. இரண்டு கோள்களும் ஏறக்குறைய பழைய இடத்துக்குத் திரும்பும் காலம் அது. இராமானுசன் பிறந்தது சர்வசித்து ஆண்டு மார்கழி, அடுத்த சர்வசித்து 1947இல், நாடு விடுதலை பெற்ற ஆண்டில் வந்தது, அதற்கடுத்தது 2007, இனி 2067. அவருக்குச் சஷ்டியப்த பூர்த்தி நடந்திருக்க வேண்டிய காலத்தை எண்ணிப் பார்க்கும்போது 32 வயது எவ்வளவு குறுகியது என்று உறைக்கிறது. ஆண்டுப் பெயரை மட்டும் எழுதிவைத்தால் எந்தச் சுற்று என்ற குழப்பம் வரும் என்பதால், பெயரோடு எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஒரு தேதி சரிதானா என்று எப்படி உறுதி செய்வது?

அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட கடிதம், பதிவேடு, இதழ் ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். ஆனால் அவையும் வழுக்கலாம். ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில் தமக்குச் சுமார் 23 வயது என்று இராமானுசனே எழுதியிருக்கிறார். பிறந்த நாளிலிருந்து கணக்கிட்டால் அவருக்கு அப்போது 25 முடிந்துவிட்டது. எழுதியவர் சொந்த வயதையே தவறவிடும்போது, பகிரப்பட்டு வரும் படங்களில் இருக்கும் தேதியை அப்படியே பலகையில் எழுதுவது ஆசிரியருக்கு அழகில்லை.

அடுத்து வரும் பெரிய ஆண்டு நிறைவுகள் எவை?

2027இல் மார்ச் 5 அன்று கணிதவியலர் லாப்லாஸ், மின்கலத்தை உருவாக்கிய வோல்டா இருவரும் மறைந்து 200 ஆண்டுகள் நிறைகின்றன. இருவரும் 1827இல் ஒரே நாளில் இறந்தார்கள். அதே மாதம் நியூட்டன் மறைந்து 300 ஆண்டுகள். ஏப்ரல் 30 அன்று கணிதவியலர் காஸ் பிறந்து 250 ஆண்டுகள். 2028 பிப்ரவரி 28 இராமன் விளைவின் நூற்றாண்டு. 2037 டிசம்பர் 22 இராமானுசனின் 150ஆம் பிறந்த நாள்.

எங்கள் பள்ளியில் ஆண்டுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். எதைத் தேர்ந்தெடுப்பது?

ஏப்ரல் 10 ஆண்டுத் தேர்வுக் காலம்; டிசம்பர் 22இன் சங்கடத்தை முன்பே சொன்னேன்; பிப்ரவரி இறுதியில் பொதுத்தேர்வு நெருங்கிவிடும்; சனவரி 16 பொங்கல் விடுமுறை. சனவரி 12ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இராமானுசனின் கடைசிக் கடிதத்தின் நாள் அது. அரையாண்டு விடுமுறை முடிந்து, பொங்கலுக்கு முந்திய, மனம் இலேசாக இருக்கும் நாள்களில் வருகிறது.

அன்று ஒவ்வொரு மாணவருக்கும் ஒன்பது புளியங்கொட்டைகளைக் கொடுங்கள். முதலில் நான்கை மட்டும் எடுத்து, எத்தனை விதமாகக் குவியல் பிரிக்கலாம் என்று கேளுங்கள்: நான்கும் ஒரே குவியல், மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், ஒவ்வொன்றாக நான்கு. ஆக 5 விதம். பிறகு ஒன்பதையும் பிரிக்கச் சொல்லுங்கள். சிலர் 27இல் நிற்பார்கள், சிலர் ஒரே பிரிவை இரண்டு முறை எண்ணி 31க்குப் போவார்கள், வகுப்பு கொஞ்சம் சத்தமாகும். பொறுமையாக வரிசைப்படுத்தியவர்கள் 30ஐ எட்டுவார்கள். 14 கொட்டைகளுக்கு 135 என்று பலகையில் நீங்களே எழுதி, 4, 9, 14 ஆகியவற்றின் எதிரே 5, 30, 135 நிற்பதைச் சற்று நேரம் பார்க்கவிடுங்கள். மூன்றும் ஐந்தால் மீதியின்றி வகுபடுகின்றன என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். அடுத்ததாக 19ஐப் பற்றியும் கேட்கும். 4 அல்லது 9இல் முடியும் எந்த எண்ணை எடுத்தாலும் அப்படித்தான் என்று இராமானுசன் 1919இல் நிறுவியதை அப்போது சொல்லுங்கள்.